684 ரூபாய் சர்வீஸ் சார்ஜ்... மந்தைவெளி அம்மா கேட்ட அந்த ஒரு கேள்வி!

தமிழ்ப் புத்தாண்டு அன்று அந்த வீட்டில் அடுப்பு இரண்டு முறைதான் எரிந்தது. காலையில் காபிக்கு ஒரு முறை, மாங்காய்ப் பச்சடிக்கு ஒரு முறை.

2025 ஏப்ரல் 14, திங்கட்கிழமை. மந்தைவெளியில் மற்ற வீடுகளில் இருந்தெல்லாம் வடை வாசனை வந்துகொண்டிருந்தது. இந்த மாடி போர்ஷனில் மட்டும் அம்மா வெல்லமும் வேப்பம்பூவும் போட்ட பச்சடியை ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து, மாலை போட்ட படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, பட்டுப்புடவையா காட்டன் புடவையா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

படத்தில் இருப்பவர் அப்பா. மயிலாப்பூர் குளத்தங்கரைப் பக்கம் ஒரு மெஸ்ஸில் 31 வருஷம் சரக்கு மாஸ்டர். சாம்பார், ரசம், கூட்டு, பொரியல் எல்லாம் அவர் கை. கடையில் கரண்டி பிடிக்கிறவர் வீட்டில் பிடிக்க மாட்டார் என்பார்கள். இவர் நேர் எதிர். பண்டிகை என்றால் காலை நாலரை மணிக்கே வீட்டு அடுப்படி அவர் கைக்குப் போய்விடும். அம்மாவுக்குத் தேங்காய் துருவுகிற வேலை மட்டும். 2024 பிப்ரவரியில் அவர் போய்ச் சேர்ந்தார். ஒரு வருஷம் பண்டிகை கிடையாது. வருஷம் திரும்பி வந்த முதல் பண்டிகை இந்தப் புத்தாண்டு.

அந்த அடுப்படியில் அம்மா தனியாக நிற்பதை மகளால் யோசித்துப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் மேடவாக்கத்தில் இருந்து போன் செய்து, "அம்மா, இந்த வருஷம் வெளியில சாப்பிடலாம். நல்ல இடமா புக் பண்ணியிருக்கேன்" என்று சொல்லிவிட்டாள்.

"நல்ல இடம்னா? கற்பகாம்பாள் மெஸ்ஸா?"

"அய்யோ அம்மா, அதுக்கும் மேல."

அம்மாவுக்கு 'அதுக்கும் மேல' என்று ஒரே ஒரு இடம்தான் தெரியும். அந்த இடம் இப்போது இல்லை.

*

டி.டி.கே சாலையில் இருந்த அந்த நட்சத்திர ஓட்டலுக்குக் காலத்துக்கு ஒரு பெயர். பார்க் ஷெரட்டன் என்றார்கள், பிறகு கிரவுன் பிளாசா ஆனது. ஆனால் மயிலாப்பூர், மந்தைவெளி ஆட்டோக்காரர்களிடம் 'அடையாறு கேட்' என்று சொன்னால்தான் வண்டி கிளம்பும். அங்கே 1989-ல் 'தக்ஷின்' திறந்தார்கள். பெரிய ஓட்டலில் தென்னிந்தியச் சாப்பாடு என்றால் காலை டிபனுக்கு இட்லியும் தோசையும் வைப்பதோடு சரி என்று இருந்த காலம் அது. தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா, கர்நாடகா என்று நான்கு ஊர்ச் சமையலையும், வாழையிலை விரித்த வெள்ளித் தட்டில் பரிமாறும் அளவுக்கு அங்கே தூக்கி வைத்தார்கள். பின்னால் மற்ற நகரங்களிலும் அதே பெயரில் உணவகங்கள் வந்தன.

அப்பா அந்த வாசலை 31 வருஷத்தில் எத்தனையோ தடவை சைக்கிளில் கடந்திருக்கிறார். உள்ளே போனதில்லை. "நம்ம சாம்பாரைத்தான் அங்க வெள்ளித்தட்டுல ஊத்தறான். ஒரு நாள் போய் டேஸ்ட் பார்த்துட்டு வரணும்" என்பார். ஆசை பாதி, கிண்டல் பாதி.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்து, நகரம் துணி காயவைத்துக்கொண்டிருந்த நேரம். ஓட்டலை மூடப்போகிறார்கள், அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்று செய்தி வந்தது. 20-ம் தேதியோடு கதவு சாத்தப்படும் என்றதும் ஊரே கடைசியாக ஒரு முறை சாப்பிடக் கிளம்பியது. கல்யாண நாளுக்கு அங்கே போனவர்கள், முதல் சம்பளத்தில் போனவர்கள், வெளிநாட்டு விருந்தாளியைக் கூட்டிப் போனவர்கள் என்று ஆளாளுக்கு ஒரு கதை. கதை எதுவும் இல்லாத அப்பாவையும் மகள் எப்படியோ ஒரு டேபிள் பிடித்துக் கூட்டிப் போனாள்.

அங்கே 'ஐயர் டிராலி' என்று ஒரு தள்ளுவண்டி டேபிள் டேபிளாக வரும். கண் எதிரிலேயே சின்னச் சின்னப் பலகாரம் சூடாகப் போட்டுத் தருவார்கள். அப்பா சாப்பிட்டதைவிட அந்த வண்டியைப் பார்த்ததுதான் அதிகம். வாழைப்பழ தோசையை ஒரு விள்ளல் வாயில் போட்டு, கண்ணை மூடி, "மாவு புளிக்க விடலை. பழத்தையும் சரியா மசிச்சிருக்கான்" என்றார். அவர் வாயில் இருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு வராது. கிளம்பும்போது சட்டைப் பையில் இருந்து 200 ரூபாயை மடித்து எடுத்து, பரிமாறியவர் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"இது உள்ள இருக்கறவங்களுக்கும் போகும்ல?"

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அப்பா அப்புறம்தான் கையை எடுத்தார்.

வீட்டுக்கு வந்து மகள், "ஏம்பா அப்படிக் கேட்டீங்க?" என்றதற்கு அப்பா சொன்ன பதில் மாப்பிள்ளைக்குக்கூட இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. "31 வருஷத்துல சப்ளையருக்கு டிப்ஸ் வெச்சுப் பார்த்திருக்கேன். ரசம் நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டு எவனும் உள்ள வந்து பத்து ரூபா நீட்டினதில்ல."

இரண்டு மாதத்தில் அவர் போய்விட்டார்.

*

இந்த முறை மகள் புக் செய்திருந்தது ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஒரு பழைய பங்களா. பெயர் இங்கே வேண்டாம். இது மாதிரி சென்னையில் இப்போது நிறைய இடங்கள் வந்துவிட்டன. தேக்குக் கதவு, ஆத்தங்குடித் தரை, சுவரில் பித்தளைப் பாத்திரம், மூலையில் ஆட்டுக்கல். ஆட்டுக்கல்லில் பூ மிதக்கும். மாவு ஆடாது.

மெட்ரோ வேலைக்காக ஆர்.கே. மடம் சாலைப் பக்கமெல்லாம் தடுப்பு. பத்து நிமிஷத் தூரத்துக்கு அரை மணி நேரம் ஆனது. ஒரு மணிக்குப் புக் செய்த டேபிளுக்கு ஒன்றே கால் மணிக்குப் போனார்கள். ஜன்னல் ஓர டேபிள் வேறு ஒருவருக்குப் போயிருந்தது. இவர்களுக்குக் கிடைத்தது, பாத்ரூம் கதவுக்கு நேர் எதிரே, ஏ.சி தலையில் கொட்டுகிற இடம். மாப்பிள்ளை லேசாகக் கேட்டுப் பார்த்தார். "ஃபுல் சார், ஃபெஸ்டிவல் டே" என்று பதில் வந்தது. பத்து நிமிஷம் கழித்து ஜன்னல் ஓரத்தில் இன்னொரு டேபிள் காலியாகி, புதிதாக வந்த குடும்பத்துக்குப் போனதையும் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல நாள்.

"ஸ்டில் வாட்டரா, ஸ்பார்க்லிங்கா மேடம்?"

அம்மா மகளைப் பார்த்தார். மகள் "ஸ்டில்" என்றாள். கண்ணாடி பாட்டிலில் வந்தது. ஒரு பாட்டில் 180 ரூபாய். பாட்டிலில் அச்சடித்த விலைக்கு மேல் உணவகம் வாங்கலாமா என்றால், வாங்கலாம். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே, உணவகங்களும் ஓட்டல்களும் எம்.ஆர்.பி-க்கு மேல் தண்ணீர் பாட்டில் விற்பதை எடையளவுச் சட்டத்தை வைத்துத் தடுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிற சூழலும் சேர்த்துத்தான் விற்கப்படுகிறது என்பது காரணம். அம்மாவுக்கு இந்தக் காரணம் தெரியாது. 22 வருஷம் மந்தைவெளியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பில் போட்டவர் அவர். எம்.ஆர்.பி-க்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினால் கஸ்டமர் கடையை இரண்டாக்கிவிடுவார் என்பதுதான் அவர் அறிந்த உலகம்.

"சாதா தண்ணி இல்லையாப்பா?"

பரிமாற வந்த பையனுக்கு 22 வயது இருக்கலாம். வடகிழக்குப் பக்கத்து முகம். தமிழ் கொஞ்சம்தான். ஆனால் 'சாதா தண்ணி' அவனுக்குப் புரிந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒரு ஜக்கில் கொண்டுவந்து வைத்தான்.

சாப்பாடு எப்படி? அதில்தான் அந்த மதியம் மேலும் கீழுமாகப் போனது.

முதலில் ரசம் வந்தது, சின்னக் கண்ணாடிக் கோப்பையில். ஒன்று 290 ரூபாய். மேலே ஒரே ஒரு கொத்தமல்லி இலை. ரசத்தைக் கோப்பையில் கொடுப்பது இப்போது ஒரு பாணி. கிண்டி ஐ.டி.சி கிராண்ட் சோழாவில் 2017-ல் தொடங்கிய 'அவர்தனா'வில் தக்காளி ரசத்தைத் தெளிவாக வடித்து மதுக்கோப்பையில் ஊற்றித் தருவது பெரிய பேச்சானது. ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் 2025-ல் அவர்களுக்கு 30-வது இடம். அங்கே அதற்குப் பின்னால் ஒரு யோசனை இருக்கிறது. அதைப் பார்த்து மற்றவர்களும் கோப்பையை எடுத்துக்கொண்டார்கள். யோசனையை எடுத்துக்கொண்டார்களா என்பது குடித்துப் பார்த்தால்தான் தெரியும். இங்கே இருந்தது புளி தூக்கலான சாதாரண ரசம். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார். பேரன் மட்டும், "பாட்டி, தாத்தா ரசத்தை இதுல ஊத்தினா எவ்ளோ சொல்லுவாங்க?" என்றான். பதினொரு வயது. அவனுக்குக் கணக்கு என்றால் உயிர்.

வாழைப்பூ வடை மூன்றுதான் இருந்தது. ஆட்கள் நான்கு. பரோட்டா வர நாற்பது நிமிஷம் ஆனது. வரும்போது ஆறிப்போய் வந்தது. மாப்பிள்ளைக்குப் பசி வந்தால் முகம் மாறிவிடும். பேரன் கை பட்டு ஒரு தண்ணீர் டம்ளர் உடைந்தது. மகள் அவனை முறைக்க வாய் எடுப்பதற்குள் அந்தப் பையன் ஓடிவந்து, "ஓகே ஓகே, நோ பிராப்ளம் தம்பி" என்று சொல்லி, கண்ணாடித் துண்டைப் பொறுக்கி, பேரனின் காலை நாற்காலி மேல் தூக்கி வைக்கச் சொல்லி, தரையைத் துடைத்து, புது டம்ளர் வைத்துவிட்டுப் போனான். அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் வந்தது எண்ணெய்க் கத்திரிக்காய்.

காம்போடு நாலாகக் கீறிய சின்னக் கத்திரிக்காய். எண்ணெய் ஓரமாகப் பிரிந்து நின்றது. காம்பு கையோடு வரவில்லை, சதையோ வெண்ணெய் மாதிரி. அம்மா ஒரு வாய் எடுத்தார். இன்னொரு வாய். அப்புறம் பேச்சில்லை. ஆறிய பரோட்டாவை விட்டுவிட்டு வெறும் சாதம் வாங்கி அதோடு பிசைந்து சாப்பிட்டார். ஒரு வருஷத்துக்கும் மேலாக, போட்டதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருக்கிற அம்மா தட்டை வழித்துச் சாப்பிட்டதை மகள் பார்த்தாள். பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

"வறுத்து அரைச்சிருக்கான்" என்றார் அம்மா கடைசியில். "உங்கப்பா கை."

*

பில் தோல் உறையில் வந்தது. மாப்பிள்ளை போனை எடுத்து க்யூ.ஆர் கோடு தேடினார். அம்மா கையை நீட்டினார்.

"குடுங்க மாப்ள, பார்க்கறேன்."

"அத்தை, நீங்க எதுக்கு..."

"சும்மா பார்க்கறேன்."

22 வருஷப் பழக்கம். பில் கையில் வந்தால் கண் மேலிருந்து கீழே தானாக ஓடும். சாப்பாடு 6,840. சர்வீஸ் சார்ஜ் 10 சதவிகிதம், 684. மொத்தம் 7,524. அதன் மேல் சி.ஜி.எஸ்.டி இரண்டரை, எஸ்.ஜி.எஸ்.டி இரண்டரை, ஆக 376 ரூபாய் 20 காசு. கட்ட வேண்டியது 7,900.

ஜி.எஸ்.டி-யில் அம்மாவுக்குப் புகார் இல்லை. அது அரசாங்கத்துக்கு. 2017 நவம்பரில் இருந்து தனி உணவகங்களுக்கு 5 சதவிகிதம்தான். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் பெரிய ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18. வேடிக்கை என்னவென்றால், ஏ.சி இல்லாத மெஸ்ஸில் பொங்கல் சாப்பிட்டாலும் பங்களாவில் 290 ரூபாய் ரசம் குடித்தாலும் வரி விகிதம் அதே 5-தான்.

அம்மாவின் விரல் நின்றது 684-ல். அதைவிட, அந்த 684-க்கும் வரி போட்டிருந்ததில்.

"தம்பி, இது கட்டாயமா?"

பையன் மேனேஜரைக் கூட்டிவந்தான். மேனேஜர் நல்ல மரியாதையாகத்தான் பேசினார். "இது கம்பெனி பாலிசி மேடம். மெனு கார்டு கடைசியில போட்டிருக்கோம்."

"மெனு கார்டுல போட்டா கட்டாயம் ஆயிடுமா? பேப்பர்ல வந்துதே, கோர்ட்ல சொல்லிட்டாங்கன்னு."

அம்மா சொன்னது சரிதான். தீர்ப்பு வந்து பதினேழே நாள் ஆகியிருந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ம் தேதி நாடு முழுமைக்கும் வழிகாட்டுதல் வெளியிட்டது. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயர் வைத்தும் வாங்கக் கூடாது. கட்டாயப்படுத்தக் கூடாது, விருப்பம் இருந்தால் தரலாம் என்று வாடிக்கையாளரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். தரமாட்டேன் என்பவரை உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது. சாப்பாட்டுப் பில்லோடு சேர்த்து மொத்தத்துக்கும் ஜி.எஸ்.டி போட்டு வாங்கக் கூடாது. அம்மா கண்ணில் பட்டது இந்தக் கடைசி விஷயம்தான்.

உணவக உரிமையாளர்களின் சங்கங்கள் இரண்டு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், அதே ஜூலை 20-ம் தேதி இடைக்காலத் தடை வாங்கின. அந்தத் தடை இரண்டரை வருஷத்துக்கும் மேல் நின்றது. அந்தக் காலம் முழுக்க, கேட்டால் "ஸ்டே இருக்கு சார்" என்று பதில் சொன்ன இடங்கள் பல. 2025 மார்ச் 28-ம் தேதி நீதிபதி பிரதிபா எம்.சிங் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்தார். சங்கங்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் போட்டார். வாடிக்கையாளர் தானாக விரும்பி டிப்ஸ் தருவதற்கு அந்தத் தீர்ப்பில் எந்தத் தடையும் இல்லை. கட்டாயமாக வாங்குவதுதான் தப்பு. சங்கங்கள் பிறகு மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன. பில்லில் சேர்த்துவிட்டு எடுக்க மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

இதை எல்லாம் அம்மா சொல்லவில்லை. "எடுத்துட்டுக் குடுங்க" என்று மட்டும் சொன்னார்.

மகளுக்கு முகம் சூடானது. பக்கத்து டேபிளில் பேச்சு நின்றிருந்தது. "அம்மா, விடும்மா, எழுநூறு ரூபாதானே" என்று காதருகே சொன்னாள். எழுநூறு ரூபாய் அவளுக்குப் பெரிதில்லை. பெரிதாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை வருஷம் படித்து, வேலைக்குப் போய், இந்த மாதிரி இடத்தில் அம்மாவை உட்கார வைத்திருக்கிறாள். அந்த இடத்திலும் பில்லை விரல் வைத்துப் படித்தால்?

மேனேஜர் விவாதம் செய்யவில்லை. உறையை எடுத்துக்கொண்டு போனார். ஐந்து நிமிஷத்தில் புதுப் பில். 7,182. அவர் தரப்பையும் சொல்ல வேண்டும். முகம் கோணாமல் செய்தார். சாப்பிட வருகிறவர்கள் கேட்டால் எடுத்துவிடு, கேட்காவிட்டால் இருக்கட்டும் என்பதுதான் பல இடங்களில் எழுதப்படாத பாலிசி. கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் தலையில்தான் அந்தப் பாலிசி ஓடுகிறது.

பிரச்னை முடிந்தது என்று மாப்பிள்ளை எழுந்தார். அம்மா எழவில்லை. தண்ணீர் ஜக்கை எடுக்க வந்த பையனிடம் கேட்டார்.

"தம்பி, இந்த சர்வீஸ் சார்ஜ் உனக்கு வருமா?"

அவன் மேனேஜர் இருக்கிற திசையைப் பார்த்தான். "வரும் ஆன்ட்டி. கொஞ்சம். பாயின்ட் கணக்கு. மாசக் கடைசி."

"உள்ள சமைக்கிறவங்களுக்கு? பாத்திரம் கழுவறவங்களுக்கு?"

"அவங்களுக்கும் பாயின்ட் இருக்கு."

"டிப்ஸ் வெச்சா?"

"அது டேபிள் ஆளுங்களுக்கு மட்டும்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. மேஜை மேல் இருந்த புதுப் பில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பையன் சொன்னது எல்லா உணவகத்துக்கும் பொருந்தாது. வசூலாகும் பணத்தை ஊழியர்களுக்குப் பிரித்துத் தருகிற இடம் உண்டு, நிர்வாகமே வைத்துக்கொள்கிற இடமும் உண்டு. சாப்பிடுகிறவருக்கு அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை என்பதுதான் இந்த விஷயத்தின் முடிச்சே. ஆனால் இந்த டேபிளில் அந்த நிமிஷம் நடந்தது வேறு. அநியாயம் என்று அவர் எடுக்கச் சொன்ன 684 ரூபாயில், உள்ளே கத்திரிக்காய் வதக்கியவனுக்கும் ஒரு பாயின்ட் இருந்திருக்கிறது. அப்பா 31 வருஷம் பார்க்காத அந்தப் பத்து ரூபாய், இங்கே அந்த வழியில்தான் உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

'அன்னலட்சுமி' என்ற உணவகங்கள் உண்டு. வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மனசுக்குத் தோன்றியதைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்ற எண்ணத்தில் தொடங்கப்பட்டவை அவை. தொண்டர்கள் கைகொடுக்கிற இடத்தில் அது நடக்கும். ஆழ்வார்பேட்டை வாடகைக்கும் மாதச் சம்பளத்துக்கும் நடக்குமா? நடக்காது. விலையிலேயே எல்லாவற்றையும் சேர்த்துவிட்டு, கத்திரிக்காய் 540 என்பதை 600 என்று போட்டுவிட்டால் ஒரு சண்டையும் இல்லை. அந்த 600-ஐப் பார்த்து நாம் அடுத்த கடைக்குப் போய்விடுவோம் என்ற பயத்தில்தான் கடைசி வரியில் வந்து 10 சதவிகிதம் உட்காருகிறது.

"கத்திரிக்காய் செஞ்சவரை ஒரு நிமிஷம் பார்க்க முடியுமா?" என்றார் அம்மா.

"அம்மா!" என்றாள் மகள்.

மேனேஜருக்கு இது புதுசு. அடுத்த புகார் என்று நினைத்திருப்பார். "ஏதாவது பிராப்ளமா மேடம்?"

"இல்லப்பா. நல்லா இருந்துச்சு. அவர்கிட்ட சொல்லணும்."

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைக் கோட்டு, தலையில் வலைத்தொப்பி, கையைத் துணியில் துடைத்தபடி, தப்புச் செய்த பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார். உள்ளே இருக்கிறவரை வெளியே கூப்பிட்டால் திட்டத்தான் கூப்பிடுவார்கள்.

"எள்ளு போட்டீங்களா?"

"கொஞ்சமா போட்டேன்மா. வேர்க்கடலை கம்மி பண்ணிட்டு."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். அவரும் சரக்கு மாஸ்டரு. மயிலாப்பூர்ல."

அவர் முகம் மாறியது. "எந்தக் கடைம்மா?" அம்மா சொன்னார். "அட, அங்க நான் சாப்பிட்டிருக்கேன்மா. அவர் இப்ப..." என்று ஆரம்பித்தவர், அம்மாவின் நெற்றியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அம்மா பர்ஸைத் திறந்தார். 350 ரூபாயை எண்ணி அவர் கையில் வைத்தார். "பாத்திரம் கழுவறவங்களுக்கும் டீ வாங்கிக் குடுங்க." இன்னொரு 350-ஐ அந்தப் பையன் கையில். இருவருமே மேனேஜரைப் பார்த்தார்கள். மேனேஜர் வேறு பக்கம் பார்த்தார். அதுவும் ஒரு சர்வீஸ்தான்.

*

காரில் கொஞ்ச தூரம் யாரும் பேசவில்லை. மடம் சாலைத் திருப்பத்தில் தடுப்புக்கு முன்னால் வண்டி நின்றபோது பின் சீட்டில் இருந்து பேரனின் குரல்.

"பாட்டி, பழைய பில் 7,900. புது பில் 7,182. நீங்க 700 குடுத்தீங்க. அப்ப 7,882. மொத்தமா 18 ரூபாதான் மிச்சம்!"

மாப்பிள்ளைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அத்தை, 18 ரூபாய்க்கா அவ்வளவு பெரிய பஞ்சாயத்து?"

"18 ரூபா மிச்சம் புடிக்கவா கேட்டேன்?" என்றார் அம்மா. கோபமில்லை. "அவங்களா எடுத்துக்கிட்டா எனக்குக் கணக்கு தெரியாது. நான் குடுத்தா தெரியும்."

"ஆனா அடுத்த டேபிள்காரங்க யாரும் உள்ள கூப்பிட்டுக் குடுக்க மாட்டாங்கம்மா" என்றாள் மகள். "அவங்க சர்வீஸ் சார்ஜையும் எடுக்கச் சொல்லிட்டா, அந்த மாஸ்டருக்கு என்ன கிடைக்கும்?"

அம்மாவிடம் அதற்குப் பதில் இல்லை. சிக்னல் விழுகிற வரைக்கும் யோசித்தார். "சம்பளத்தை ஒழுங்காக் குடுக்கணும். அது அவங்க வேலை" என்றார். சொன்ன வேகத்தில் அவருக்கே முழு நம்பிக்கை இல்லை. அப்பாவின் மெஸ்ஸில் முதலாளி நல்லவர்தான். சம்பளம் என்னவோ அப்படியேதான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பட்டுப்புடவையை மாற்றிக்கொண்டு, படத்துக்கு முன்னால் இருந்த பச்சடிக் கிண்ணத்தை எடுத்து நான்கு பேருக்கும் ஆளுக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தார். மகள் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி" என்றாள். "அவர் இருந்தா சொல்லியிருப்பார்" என்று அம்மா அடுப்படிக்குள் போனார். சாயங்காலம் நாலு மணிக்கு அடுப்பு மூன்றாவது முறையாக எரிந்தது. ஆளுக்கு ஒரு காபி. பக்கத்து வீட்டில் இருந்து வந்த இரண்டு வடையையும் பிய்த்து நாலாக்கினார்.

ராத்திரி எட்டு மணிக்கு மகளின் போனில் ஒரு மெசேஜ். 'இன்று எங்களுடன் உணவருந்தியதற்கு நன்றி. உங்கள் அனுபவத்தை மதிப்பிடுங்கள்.' சாப்பாடு, சர்வீஸ், சூழல், கொடுத்த காசுக்கு மதிப்பு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்சத்திரம் காலியாக நின்றது.

"என்ன போடறதும்மா?"

"கத்திரிக்காய்க்கு அஞ்சும் போடு. தண்ணிக்கு ஒண்ணும் போடாத."

"அப்படித் தனித்தனியாப் போட முடியாதும்மா."

"அப்ப மூணு போடு. அந்த டம்ளர் பொறுக்கின புள்ளைக்குத் தனியா எழுது."

மகள் கீழே தள்ளினாள். 'உங்களுக்குச் சிறப்பாகச் சேவை செய்த ஊழியரின் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. பையனின் சட்டையில் இருந்த பெயர் பேரனுக்கு ஞாபகம் இருந்தது. அதை டைப் செய்தாள். ஒரு பெயருக்குத்தான் இடம்.

"மாஸ்டர் பேரு?" என்றார் அம்மா.

"அதுக்கு இதுல இடம் இல்லம்மா."

"இடத்தை விடு. அவர் பேரு என்ன?"

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கேக்கலையேடி" என்றார் அம்மா.